இரண்டு அம்றா

1

போன வெள்ளிக்கிழமை நளீமாவின் குரல்பதிவு ஒன்று வந்தது. நளீமா என்னோடு சாய்ந்தமருதில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். இருபது வருடத்துக்கு மேலாக அங்கே மருத்துவமாதுவாக வேலை செய்கிறாள். அவள் எடை பார்க்காத பிள்ளை எங்கள் பகுதியில் இல்லை.

"ஜெஸீமா, ஒரு புதினம் கா. எங்களுக்கு ட்ரெயினிங் வரப்போகுதாம். இனி கொப்பி தூக்கித் திரியத் தேவல்ல. பிள்ளைகள்ற ஊசி, நிறை, வருத்தம் எல்லாம் கொம்பியூட்டர்லயாம். மறுகா சிறுவர் பாதுகாப்புக் கந்தோர், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் அதோட இணைக்கப் போறாங்களெண்டும் கதைக்கிறாங்க. உங்கட அமெரிக்காவுல இதெல்லாம் எப்பயோ வந்திரிக்குமே. எப்பிடிக் கா, நல்லமா?"

நான் அப்போது வேலையில் இருந்தேன். ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடிப்பதுதான் என் வேலை. விரிப்பைப் போட்டுவிட்டு அந்தப் பதிவை மூன்று தரம் கேட்டேன். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அவள்மேல் கோபமில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடப் பதிவில் பதில் சொல்ல முடியாதே என்றுதான். அதனால் எழுதுகிறேன். நளீமாவுக்கும், அவளைப்போல நம்பிக்கையோடு காத்திருக்கும் எல்லோருக்கும்.

"கோபமில்லாம எழுதுங்க உம்மா" என்றாள் என் மகள் சஹ்லா. அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை.

2

என் தங்கச்சி நஸ்றின் ஐந்து வருடத்துக்கு முன் புருஷனோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் இங்கே வந்தாள். வந்த இரண்டாம் வருடம் அந்த மனுஷன் வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிப் போனான், பிறகு திரும்பவில்லை. நஸ்றின் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டும் வேலை செய்து பிள்ளையை வளர்த்தாள். பிள்ளையின் பெயர் அம்றா. நான்கு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. காலையிலும் மாலையிலும் தவறாமல் ஒரு பாணி மருந்து குடிக்க வேண்டும். குடித்தால் மற்றப் பிள்ளைகளைப்போல ஓடித்திரிவாள். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மருத்துவக் காப்புறுதி தாய்க்கும் பிள்ளைக்கும் இருந்தது. அதனால் மருந்து தடையில்லாமல் கிடைத்தது.

போன வருடம் மாரி தொடங்கும்போது நஸ்றினுக்கு மனச் சுகவீனம் வந்தது. நித்திரையில்லை, சாப்பாடில்லை. ஒருநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர அவள் போகவே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது படுக்கையறை மூலையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் அறிவித்ததால் சிறுவர் நலத் திணைக்களத்திலிருந்து மெலிசா என்ற அதிகாரி வந்தாள். சஹ்லாவைவிட எட்டு ஒன்பது வயதுதான் மூத்திருப்பாள். "பிள்ளையை உறவினரான உங்களிடம் ஒப்படைக்கலாம், சம்மதமா?" என்று கேட்டாள். இதையெல்லாம் ஒரு கேள்வியாகக் கேட்கிறார்களே என்று நினைத்தபடி கையெழுத்து வைத்தேன்.

மருந்தைப் பற்றி நான்தான் முதலில் கேட்டேன். மெலிசா சிரித்தாள். அவர்களுடைய திணைக்களத்தின் கணினியையும் மருத்துவக் காப்புறுதியின் கணினியையும் அந்த வருடம்தான் ஒன்றோடொன்று இணைத்திருந்தார்களாம். முன்பெல்லாம் பிள்ளை வீடு மாறினால் கடிதம் போய்ச்சேர மாதக்கணக்காகுமாம். "இனி நான் இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நீங்கள் ஒன்றுமே செய்யத் தேவையில்லை" என்றாள். பிறகு பிள்ளையின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? பிறப்புச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் முன்னுக்கும் பிள்ளையின் பெயர் பின்னுக்கும் இருக்கும். முஹம்மது றாசிக் பாத்திமா அம்றா. அதை ஆங்கிலத்தில் எழுதிய எங்கள் ஊர்க் கந்தோர் எழுதுவினைஞர் றாசிக்கை ஒரு மாதிரியும், கடவுச்சீட்டுக் கொடுத்தவர்கள் இன்னொரு மாதிரியும் எழுதியிருந்தார்கள். பிழை கொழும்பிலோ கல்முனையிலோ தொடங்கியது என்பதை நான் மறைக்கவில்லை. கடவுச்சீட்டைக் காட்டி, "றாசிக் வாப்பாட பேர், அம்றா பிள்ளைட பேர்" என்று விளங்கப்படுத்தினேன். மெலிசா தலையாட்டிக்கொண்டே றாசிக் என்று அடித்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் காப்புறுதிக் கந்தோரில் வேறொருவர் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அம்றா என்று அடித்திருந்தார். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

3

இரண்டு கணினியும் கதைத்துக்கொண்டன. பெயர் பொருந்தவில்லை. அதனால் இரண்டு பிள்ளைகள் என்று முடிவெடுத்தன.

ஒரு பிள்ளை, வலிப்பு நோயுள்ள, நஸ்றினின் வீட்டில் இருந்த அம்றா. அவளுடைய தாய் ஆஸ்பத்திரியில், வீட்டில் ஒருவருமில்லை. ஆகவே அவளுடைய காப்புறுதி மூடப்பட்டது. மற்றது, என் வீட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளை. அவளுக்குக் காப்புறுதி இருந்தது. ஆனால் நோயில்லை, வைத்தியர் இல்லை, மருந்துச் சீட்டு இல்லை.

இது எனக்குப் பாமசியில் தெரியவந்தது. மருந்து ஆறு நாளுக்கு இருக்கும்போதே வாங்கப் போனேன். அங்கே நின்றவர் வயதான, பொறுமையான மனுஷன். திரையைப் பார்த்துவிட்டு, "சீட்டு இருக்கிற பெயருக்குக் காப்புறுதி இல்லை. காப்புறுதி இருக்கிற பெயருக்குச் சீட்டு இல்லை" என்றார்.

சிறுவர் நலத் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அது காப்புறுதியின் வேலை என்றார்கள். காப்புறுதிக்கு எடுத்தேன். ஐம்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, நான் தாயில்லை, ஆகவே பிள்ளையைப் பற்றி என்னோடு கதைக்க முடியாது என்றார்கள். மெலிசாவின் தொலைபேசியில் செய்தி வைத்தேன். ஒரு தரமில்லை, நான்கு தரம். வைத்தியரின் கிளினிக்குக்கு நேரே போனேன். அவர்களுடைய திரையிலும் அவள் புதுப் பிள்ளை. புதுப் பிள்ளைக்கு மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளுக்குப் பிறகுதான் இடமாம்.

"இவ புதுப் பிள்ளையில்ல. போன மாசமும் இந்தக் கதிரையில இருந்தவ" என்றேன். அங்கே நின்ற பெண்ணுக்கு அம்றாவின் முகம் தெரிந்திருந்தது. பிள்ளையைப் பார்த்துக் கையசைத்தாள். அசைத்துவிட்டு, கணினி விடுகுதில்லை என்றாள்.

கைக்காசு கொடுத்து வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். மூடிய பெயரில் இருந்த சீட்டுக்கு அப்படியும் தர முடியாது, புதுச் சீட்டு வேண்டும் என்றார் பாமசிக்காரர். தன்னால் முடிந்தது என்று மூன்று நாளுக்குரிய மருந்தை மட்டும் தந்தார். அதற்குமேல் தந்தால் தன் உத்தியோகம் போய்விடும் என்றார். போத்தலைச் சன்னலில் பிடித்துப் பார்த்தேன். என்ன கணக்குப் போட்டாலும் மூன்று கிழமைக்குக் காணாது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அளவைப் பாதியாக்கினேன். முற்றாக இல்லாமல் போவதைவிடப் பாதியாவது போகட்டும் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு யாரும் தொலைபேசி எடுக்கவுமில்லை. ஆனாலும் செய்தது நான். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கு மரியாதையில்லை.

4

பாதி கொடுக்கத் தொடங்கிய பத்தாவது நாள் காலை, அம்றாவைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தேன். ஒரு காலுக்குக் காலுறை போட்டாயிற்று. மற்றக் காலைத் தூக்கியபோது அது என் கையில் இறுகியது. "அம்றா, சும்மா இரி மகள்" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் கண் மேலே சொருகியிருந்தது.

வழமையாக ஒரு நிமிடத்தில் விட்டுவிடும் என்று நஸ்றின் சொல்லியிருந்தாள். அன்றைக்கு விடவில்லை. என் கணவர் ஆம்புலன்சுக்கு அடித்தார். நான் கலிமாவைச் சொல்லிக்கொண்டு பிள்ளையைச் சரித்துப் பிடித்திருந்தேன். அவர்கள் வந்து ஊசி போட்ட பிறகுதான் உடம்பு தளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. கூப்பிட்டால் பார்க்கிறாள், பேச்சில்லை. சலவைப் பகுதியில் பத்து வருடமாகக் கதைத்துப் பழகிய என் இங்கிலீசு அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. தாதி ஒரு தொலைபேசியைக் கொண்டுவந்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று தந்தாள். அவர் தமிழ்நாட்டுக்காரர்.

"புள்ள கதைக்கல்ல" என்றேன்.

"குழந்தை கதை சொல்லலையா? என்ன கதைங்கம்மா?" என்றார்.

"கதைக்கல்லயெண்டு சொல்றன்! வாயத் தொறக்கிறால்ல!"

"மருந்து ஒழுங்காக் குடுத்தீங்களான்னு டாக்டர் கேக்கறாங்க."

"ஓம், குடுத்தன். முடிஞ்சு போயிருமெண்டு பயத்துல பாதி பாதியாக் குடுத்தன். காப்புறுதிய வெட்டிப் போட்டாங்க, பாமசியில தரமாட்டெண்டாங்க..."

"சுருக்கமா சொல்லுங்கம்மா, லைன்ல வேற ஆளுங்க வெயிட் பண்றாங்க. ஓம்னா ஆமாவா? பாதிதான் குடுத்தீங்க, சரிங்களா?"

"ஓம்" என்றேன்.

அவர் இங்கிலீசில் சொன்னது ஒரே ஒரு வசனம். வைத்தியர் அதை எழுதிக்கொண்டார். பின்னேரம் அம்றா தண்ணி கேட்டாள். நான் அழுததை அங்கே ஒருவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

5

இரண்டு நாள் கழித்து மெலிசா இன்னொரு அதிகாரியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான்கு செய்திக்கும் வராதவள். கணினி அழைத்ததால் வந்தாளாம்.

இதைத்தான் நளீமா கவனமாகக் கேட்க வேண்டும். மருந்தை நிறுத்தியபோது அந்த இணைப்பு யாருக்கும் எதையும் அறிவிக்கவில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன், 'மருந்து பல நாளாக வாங்கப்படவில்லை, பராமரிப்பவர் பாதி அளவே கொடுத்திருக்கிறார்' என்று ஓடிப்போய் அறிவித்தது. அந்தச் செய்திக்கு மட்டும் இரண்டு அம்றாவும் ஒரே பிள்ளை ஆகிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பிறந்த திகதியை வைத்துத் தேடியதால் பொருந்தியதாம். அதே தேடலை மருந்துக்காக ஒருவரும் செய்யவில்லை.

என் பெயருக்கு நேரே 'மருத்துவப் புறக்கணிப்பு' என்று விழுந்திருந்தது. விசாரணை முடியும்வரை பிள்ளையை வேறு வீட்டில் வைப்பார்கள் என்றாள் மெலிசா.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த சஹ்லா எங்கள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். நான் ஐந்து நிமிடம் கதைத்தேன். அவள் அரை நிமிடம் சொன்னாள். மெலிசா "புரிகிறது" என்றாள். எனக்கு அது போதும், மகள் எதையோ விட்டுவிட்டாள் என்று விளங்கிவிட்டது.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "நான் சொன்னதுல பாதியத்தான் நீ சொன்னாய்."

"ஓம் உம்மா."

"மத்தப் பாதி எங்க?"

"மத்தப் பாதி கோபம். அதச் சொன்னா உங்களப் பாத்துப் பயப்பிடுவாங்க. அம்றாவ ஒருநாளும் திருப்பித் தரமாட்டாங்க."

இங்கே பிறந்த பிள்ளை. எட்டு வயதிலிருந்து எனக்காகக் கந்தோர்களில் வாய் திறந்தவள். இவ்வளவு வருடமும் என் கோபத்தை எல்லாம் வழியிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். அவளிடம் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? அவள் சொன்னது சரி என்பதால் வந்த ஆத்திரம் அது.

அம்றாவை நகரத்தின் மறுபக்கத்தில் யாரென்று தெரியாத ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கெட்டவர்களில்லை. ஆனால் ஹலால் இறைச்சி என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. பிள்ளை பாணும் முட்டையும் மட்டும் தின்றிருக்கிறாள். பதினொரு நாள்.

6

சுனாமிக்குப் பிறகு மருதமுனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாங்கள் அகதிகளாக இருந்தபோது நளீமா புதிதாக நியமனம் பெற்றவள். கிளினிக் பதிவெல்லாம் கடலோடு போய்விட்டது. அவள் ஒரு புதுக் கொப்பியை வைத்துக்கொண்டு தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். யாரும் இல்லாமல் ஒரு கைக்குழந்தை இருந்தது. இன்னாருடைய பிள்ளைதான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நளீமா எழுதவில்லை. "எனக்கு நிச்சயமில்லாத பேர நான் எழுதமாட்டன்" என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். மூன்று முகாமுக்கு நடந்து போய்க் கேட்டாள். கடைசியில் பார்த்தால் அந்த இரண்டு பேரும் சொன்ன குடும்பமில்லை, வேறு குடும்பம்.

அந்தப் பதினொரு நாளும் எனக்கு அந்த வெறும் இடம்தான் ஞாபகம் வந்தது. தெரியாது என்று சொல்லத் தெரியாத ஒரு பொருளிடம் பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறார்களே என்று கொதித்தேன். அந்தக் கொதிப்போடு பாமசிக்குப் போனேன். வயதான மனுஷன் ஒன்றும் கேட்கவில்லை. நான் வந்துபோன ஒவ்வொரு நாளும் கணினி மறுத்த பதிவைத் திகதியோடு அச்சடித்துத் தந்தார். என் தொலைபேசியில் இருந்த அழைப்புகளை நானே ஒரு தாளில் எழுதினேன்.

விசாரணைக் கூட்டத்தில் மெலிசாவும், அவளுக்கு மேலதிகாரியான நரைமுடிப் பெண்ணும் இருந்தார்கள். தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை எடுக்கவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சஹ்லாவிடம், "நீ இண்டைக்கு ஒண்டும் சொல்லத் தேவல்ல. கேட்டுக்கொண்டு இரி" என்றேன். என் உடைந்த இங்கிலீசிலேயே கதைத்தேன்.

"உங்கள் கணினியில் இரண்டு பிள்ளைகள். மருந்துள்ள பிள்ளை, மருந்தில்லாத பிள்ளை. எனக்கு நீங்கள் தந்தது ஒரு பிள்ளை. மற்றப் பிள்ளை எங்கே? காட்டுங்கள்."

மேலதிகாரி மெலிசாவைப் பார்த்தாள். மெலிசா கணினியைத் திறந்து இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே பிறந்த திகதி, ஒரே பள்ளிக்கூடம், ஒரே தாய்.

"சிஸ்டம் இப்படிச் செய்துவிட்டது" என்றாள் மேலதிகாரி.

"சிஸ்டம் என்றால் யார்? பெயரைச் சொல்லுங்கள். நான் அவரோடு கதைக்கிறேன்" என்றேன். என் சத்தம் கூடிவிட்டது. சஹ்லா என் கையைப் பிடிக்கப் போனாள், பிறகு பிடிக்காமல் விட்டாள். "பாதி மருந்து கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. முழு மருந்தை எடுத்தது யார் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

மெலிசாவின் முகம் சிவந்துவிட்டது. "அவர் எனக்கு நான்கு செய்தி வைத்தார். எனக்கு அறுபது பிள்ளைகள். நான் கேட்கவில்லை" என்றாள். அவளுடைய மேலதிகாரி முன்னால் அதைச் சொன்னாள். அதற்காக அவளை நான் வெறுக்கவில்லை. வெறுக்கத்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மாலையே அம்றா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பெரியம்மா, கோழிக்கறி இரிக்கா?" என்று கேட்டாள்.

7

இரண்டு அம்றாவையும் ஒன்றாக்க மெலிசாவுக்கு ஒரு பின்னேரம்தான் எடுத்தது. மருந்து அடுத்த நாளே கிடைத்தது. என்மேல் போட்ட குற்றம் 'நிரூபிக்கப்படவில்லை' என்று முடிந்தது. அழித்துவிடச் சொன்னேன். அழிக்க முடியாதாம், பல வருடத்துக்குக் கோப்பில் இருக்குமாம். ஒன்றாக்கப்பட்ட அந்த ஒரே அம்றாவின் கோப்பில்.

நஸ்றினுக்கு, அல்ஹம்துலில்லாஹ், சுகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் பிள்ளை அவளிடம் திரும்பிப் போனாள். வழக்கு முடிந்ததும் கோப்பின் பிரதி ஒன்றை அவளுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்தாள். பிள்ளை உள்ளே சஹ்லாவோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, கோவிக்கப்படாது. ஒண்டு கேக்கணும்."

"கேளு."

"என்ட புள்ளைக்குப் பாதி மருந்தா குடுத்தீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுதியதைவிட விவரமாகச் சொன்னேன்.

"எனக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே" என்றாள் கடைசியில்.

"உனக்கு அப்ப சுகமில்ல புள்ள. உனக்கு ஒண்டும் சொல்லப்படாதெண்டு டொக்டர் சொன்னாரு."

"சுகமில்லாட்டியும் நான்தானே அவட உம்மா."

நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

இப்போது சனிக்கிழமைகளில் நஸ்றினுக்கு வேலை. அம்றா காலையிலிருந்து என்னோடுதான். பின்னேரம் ஆறு மணிக்கு மருந்து நேரம். என் வீட்டில் போத்தலை வைத்துவிட்டுப் போகலாம், நான் கொடுப்பேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "இரிக்கட்டும் ராத்தா, நானே குடுக்கிறன்" என்று மெதுவாகச் சொன்னாள். இடைவேளையில் பஸ் ஏறி வருகிறாள். பனி கொட்டினாலும் வருகிறாள். பைக்குள்ளிருந்து போத்தலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து அளந்து, பிள்ளையின் வாயில் ஊற்றுகிறாள். நான் போட்டு வைத்த தேத்தண்ணியைக் குடிக்கிறாள். ஊர்க் கதை கதைக்கிறாள், சிரிக்கிறாள். பிறகு போத்தலின் மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போகிறாள்.